விழும் தரையும் தாண்டும் உயரமும்

உயரம் தாண்டுதலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கால்களின் வலிமையைப் பற்றியும், ஓடிவரும் வேகத்தைப் பற்றியும், தாண்டுகிறவருடைய மனத்திடத்தைப் பற்றியுமே பேசுகிறார்கள். அவை யாவும் முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த விளையாட்டு அடைந்த மாறுதல்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்குங்கால், மனிதன் எவ்வாறு மேலே எழுந்தான் என்பதைக் காட்டிலும் எதன்மேல் விழுந்தான் என்பதே அந்தச் சரித்திரத்தைப் பெரிதும் நடத்திச் சென்றிருக்கிறது என்ற எண்ணம் எனக்கு வலுப்பட்டு வந்திருக்கிறது. புல்தரையில் இறங்க வேண்டியிருந்த காலத்தில் ஒரு விதமாகவும், மணலிலும் மரத்தூளிலும் இறங்க முடிந்த காலத்தில் வேறு விதமாகவும், நுரை மெத்தை வந்தபின் முற்றிலும் புதியதொரு விதமாகவும் மனித சரீரம் குறுக்குக் கம்பியைக் கடந்தது. இதை விளங்கிக்கொள்வதற்குத் தாண்டுதல் என்னும் செயலின் பௌதிகத்தை முதலில் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

எறியப்பட்ட பொருள் காற்றில் செல்லும் பாதை பரவளையம் என்னும் வளைகோடு என்பதைக் கலிலியோ 1638-ஆம் ஆண்டில் வெளிவந்த தமது கடைசிப் பெருநூலில் நிறுவினார். பீரங்கிக் குண்டுக்குச் சொன்ன அந்த விதி, தரையை விட்டுக் கிளம்பிய மனிதனுக்கும் சிறிதும் பேதமின்றிப் பொருந்தும். கால் தரையைவிட்டு நீங்கிய கணத்திலேயே, உடலின் ஈர்ப்பு மையம் எந்த உயரம்வரை எழும், எவ்விடத்தில் திரும்பும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் தீர்மானமாகிவிடுகின்றன. அதன்பின் கையை வீசினாலும், காலை உதறினாலும், இடுப்பை முறுக்கினாலும் அந்தப் பாதையை ஒரு நூலளவும் மாற்ற இயலாது. ஒன்றை மட்டும் செய்யலாம்: அந்த மையத்தைச் சுற்றி அவயவங்களை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம். உயரம் தாண்டும் கலை முழுவதும் இந்த ஒரு சலுகைக்குள் அடங்கியிருக்கிறது.

அந்த மையம் சரீரத்தில் எங்கே இருக்கிறது என்பதைச் சோதித்துப் பார்த்தவர், கலிலியோவின் மரபில் வந்த இத்தாலியரான பொரெல்லி. ஒரு மனிதனைப் பலகையொன்றின்மேல் நீளப் படுக்கவைத்து, அந்தப் பலகையைக் கூர்மையான விளிம்பொன்றின்மேல் நிறுத்தி, எந்த இடத்தில் வைத்தால் தலைப்பக்கமும் கால்பக்கமும் சமனாக நிற்கின்றன என்று பார்த்து அதைக் கண்டுபிடித்தார். பிராணிகளின் இயக்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் 1679-இல் காலமான பின்னர் 1680, 1681-ஆம் ஆண்டுகளில் ரோமாபுரியில் அச்சாயிற்று. நடத்தல், ஓடுதல், நீந்துதல் ஆகியவற்றோடு தாண்டுதலையும் கணிதத்தின் வசப்படுத்த முயன்ற பழைய நூல்களில் அதற்கு உயர்ந்த ஸ்தானம் உண்டு. கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கும் மனிதனுக்கு ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, அவனுடைய உயரத்தில் பாதிக்கு மேற்பட்டதோர் இடத்தில் இருக்கிறது. ஆனால் அது உடலோடு தைத்து வைத்த பொருளன்று. கைகளைத் தூக்கினால் அது மேலேறும். உடலை வில்லாக வளைத்தால் சரீரத்தைவிட்டே வெளியேறி வெற்றிடத்தில் போய் நிற்கும். உளுந்து வடையின் ஈர்ப்பு மையம் மாவில் எங்குமில்லாமல் நடுத்துளையில் இருப்பதுபோல.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நெடிய உடலமைப்புள்ள ஒருவர், கையையும் ஒரு காலையும் உயரத் தூக்கியவாறு தரையை விட்டுக் கிளம்பும்போது அவருடைய ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், மேல்நோக்கிய வேகம் வினாடிக்கு 4.5 மீட்டர் என்றும் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் 1.03 மீட்டர் கிடைக்கிறது. அதாவது மையம் 2.43 மீட்டர்வரை எழும். இந்த எழுச்சியை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு உயரமான கம்பியைத் தாண்டுவார்? உட்கார்ந்த நிலையில் தாண்டினால் மையத்துக்கும் கம்பிக்கும் இடையில் கால் மீட்டருக்கு மேல் வீணாகும், 2.15 மீட்டரோடு நின்றுவிடுவார். உடலைக் கம்பியின்மேல் போர்த்தியதுபோல் வளைத்துத் தாண்டினால் அந்த வீண் முழுவதும் மிச்சமாகி, அதே பிரயாசைக்கு 2.43 மீட்டர் அவர் வசமாகும். தசையில் ஓர் இம்மியும் கூடாமல் அரை முழத்துக்குக் குறையாத லாபம்!

இவ்வளவு பெரிய லாபத்தை மனிதர் ஏன் நெடுங்காலம் எடுத்துக்கொள்ளாமல் இருந்தார்கள் என்ற வினாவுக்குத்தான் தரை விடை சொல்கிறது. மதிலிலிருந்து குதிக்கிற எந்தச் சிறுவனும் முழங்காலை மடக்கிக்கொண்டே இறங்குகிறான். அவனுக்கு அதை யாரும் கற்பிக்கவில்லை. நம் தெருக்களில் பச்சைக்குதிரை தாண்டிய பிள்ளைகள், குனிந்து நிற்பவன் படிப்படியாக நிமிர்ந்துகொண்டே வர, அவன் முதுகில் கையூன்றி எவ்வளவு உயரம் எழும்பினாலும், கடைசியில் கால்களால் இறங்குவதையே இயல்பாகக் கொண்டிருந்தார்கள். இதன் காரணம் எளிது. விழுகிற உடலை நிறுத்துவதற்கு வேண்டிய விசை, விழுந்த உயரத்துக்கும் நிற்பதற்குக் கிடைத்த தூரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. இரண்டு மீட்டர் விழுந்தவன் ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்க நேர்ந்தால் அவன் எடையைப் போல் நாற்பது மடங்குக்கும் அதிகமான விசை அவனைத் தாக்கும். அதே விழுச்சி அரை மீட்டர் தூரத்தில் மெல்ல அடங்கினால் ஐந்து மடங்கோடு போய்விடும். காலால் இறங்குகிறவனுக்கு அந்த அரை மீட்டரைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் மடங்கிக் கொடுக்கின்றன. முதுகுக்கும் கழுத்துக்கும் அத்தகைய மடிப்பு இல்லை. அவற்றை நம்பி விழுகிறவனுக்கு வேண்டிய தூரத்தைத் தரைதான் கொடுத்தாக வேண்டும்.

பண்டைய கிரேக்கர் தங்கள் ஒலிம்பிய விழாவில் நீளம் தாண்டினார்களே அன்றி உயரம் தாண்டியதில்லை. இன்று நாம் அறியும் உயரம் தாண்டுதல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் உருவெடுத்தது. ஸ்காட்லாந்தின் விழாக்களிலும், பின்னர் இங்கிலாந்தின் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் வளர்ந்தது. ஒரே காலால்தான் கிளம்ப வேண்டும் என்ற விதி இன்றளவும் அதன் உயிர்நாடியாக நிலைத்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு மாணவரான மார்ஷல் புரூக்ஸ் 1876-ஆம் ஆண்டில் ஆறடியைத் தாண்டிய முதல் மனிதரென்று பெயர் பெற்று, அதே ஆண்டில் 1.89 மீட்டரையும் எட்டினார். அந்நாளைய தாண்டல்காரர்கள் பெரும்பாலும் நேராகவோ பக்கவாட்டிலோ ஓடிவந்து, கால்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிக்கு மேல் வீசி, மறுபக்கத்தில் காலூன்றி நின்றார்கள். கத்தரிக்கோலின் இரு அலகுகள் போன்ற கால்வீச்சினால் அதற்குக் கத்தரி முறை என்று பெயர் வழங்கிற்று. உடல் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில் கம்பிக்கு மேலே சென்றதால், எழுச்சியில் பெரும்பகுதி வீணாயிற்று என்பது மெய். ஆனால் இறங்கவேண்டிய இடம் புல்தரையாக இருந்தபோது வேறு எதைச் செய்திருக்க முடியும்?

அயர்லாந்து வம்சத்தவரான மைக்கேல் ஸ்வீனி என்னும் அமெரிக்கர் அந்த வீணைக் குறைக்க ஒரு வழி கண்டார். கம்பிக்கு மேலே சென்றதும் இடுப்பைத் திருகி முதுகைத் தாழ்த்தி உடலைக் கிடையாக்கிக் கடந்து, பிறகு மறுபடியும் திருகிக் காலூன்றி இறங்கும் அவருடைய முறையால் 1895-ஆம் ஆண்டில் 1.97 மீட்டர் கைவந்தது. காலால் இறங்கியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தத்துக்குள் இருந்துகொண்டு ஈர்ப்பு மையத்தைக் கம்பிக்கு அருகே கொண்டுவர மனிதன் செய்த முயற்சிகளில் அதைவிட நுட்பமானதொன்று எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்வது கடினம், கற்பிப்பது அதனினும் கடினம் என்பதே அதன் குறை.

இதே காலத்தைச் சேர்ந்த ரே யூரி என்பவரை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இந்தியானா மாகாணத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் பாதிக்கப்பட்டு, இடைவிடாத அப்பியாசத்தினால் அந்தக் கால்களை மீட்டுக்கொண்ட அவர், ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே தாண்டும் போட்டிகளில் 1900 முதல் 1908 வரை நடந்த மூன்று ஒலிம்பிக்குகளில் எட்டுத் தங்கப் பதக்கங்களை வென்றார். 1900-இல் பாரிஸ் நகரத்தில், நின்ற நிலையிலிருந்து அவர் தாண்டிய உயரம் 1.65 மீட்டர், அதே விழாவில் ஓடிவந்து தாண்டி முதலிடம் பெற்ற பாக்ஸ்டர் எட்டியது 1.90. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள கால் மீட்டர், ஓட்டம் என்பது தாண்டுதலுக்கு என்ன கொடுக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

ஓட்டம் கிடைத்திசையில் நிகழ்வது; எழுச்சியோ செங்குத்தானது. ஒன்று மற்றொன்றாக மாறுவது எவ்வாறு? கடைசி அடியில் நிகழ்வதைக் கூர்ந்து நோக்கினால் விளங்கும். தாண்டுகிறவர் கிளம்பும் காலை உடலுக்கு வெகு முன்னால் நீட்டி, குதிகால் முதலில் படும்படி, முழங்காலை ஏறக்குறைய நேராக விறைத்து ஊன்றுகிறார்; தோள்கள் இன்னும் பின்னே சாய்ந்திருக்கின்றன. முன்னோக்கி வரும் உடல் அந்தக் காலின்மேல் ஏறி உருளவேண்டியதாகிறது. முழங்கால் சிறிது மடங்க, தொடையின் முன்தசை இழுபட்டு நீண்டு, இழுபட்ட வேகத்திலேயே திரும்பச் சுருங்கி உடலை மேலே வீசுகிறது. அதே சமயத்தில் மற்றக் காலும் இரு கைகளும் மேல்நோக்கி வீசப்பட்டுத் தரையின்மீதான அழுத்தத்தை இன்னும் அதிகரிக்கின்றன. இவ்வளவும் ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் ஒற்றைக் கால் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் நான்கு மடங்கு. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி எத்தியேன் மாரே தமது துணைவர் ஜார்ஜ் தெமனியோடு, தொடர்படங்களையும் பாதத்தின் அழுத்தத்தை வரைந்து காட்டும் மேடையையும் கொண்டு 1880-களில் தாண்டுதலை ஆராயத் தொடங்கிய பிறகே, கண்ணுக்கு அகப்படாத இந்தக் கணம் ஆராய்ச்சிக்கு அகப்பட்டது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜார்ஜ் ஹோரைன், 1912-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் தேதி இரண்டு மீட்டரைத் தாண்டினார். சர்வதேச தடகளச் சம்மேளனம் அங்கீகரித்த முதல் உலகச் சாதனை அதுவே. கத்தரி முறையில் கம்பிக்குத் தொலைவிலுள்ள காலால் கிளம்புவார்கள். ஹோரைன் கம்பியை அடுத்த காலால் கிளம்பி, பக்கவாட்டில் படுத்தவாக்கில் கம்பிக்கு மேலே உருண்டு, கிளம்பிய அதே காலும் இரு கைகளும் தரையில் படும்படி இறங்கினார். அவருடைய வீட்டுப் பின்புறத்தில் ஓடிவருவதற்கு இடம் தவறான பக்கத்தில் மட்டுமே இருந்தமையால் இம்முறை தோன்றிற்று என்று ஒரு கதை சொல்வதுண்டு. கதை எப்படியிருப்பினும், கையை ஊன்றி இறங்குவதற்குத் தரை சற்று இளகியிருக்க வேண்டும் என்பதும், அகழ்ந்து மணலோ மரத்தூளோ நிரப்பிய குழிகள் மைதானங்களில் இடம்பெற்ற பிறகே இந்த மேற்கத்திய உருளல் பரவியது என்பதும் கவனிக்கத் தக்கவை.

இங்கே விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். தலை முன்னால் பாய்ந்து கம்பியைக் கடத்தல், நீரில் தலைகீழாய்ப் பாய்வதற்கு ஒப்பானது என்று கருதப்பட்டு விலக்கப்பட்டிருந்தது. 1932-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பேப் டிட்ரிக்ஸனும் ஜீன் ஷைலியும் ஒரே உயரத்தைத் தாண்டி உலகச் சாதனையைப் பகிர்ந்துகொண்டபோது, டிட்ரிக்ஸனுடைய முறை பாய்ச்சலே என்று நடுவர்கள் தீர்ப்புக் கூறி, தங்கத்தை ஷைலிக்கும் வெள்ளியை டிட்ரிக்ஸனுக்கும் வழங்கினார்கள். அன்றைய மைதானங்களின் நிலையை எண்ணும்போது, தலைமுன்னே செல்வதைத் தடுத்த அவ்விதியில் மரியாதையைப் பற்றிய கவலையோடு கழுத்தைப் பற்றிய கவலையும் கலந்திருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. அவ்விதி பின்னர் நீங்கியது. நீங்கியிராவிட்டால், இனி நான் சொல்லப்போகும் முறைகளுள் தலைசிறந்தது சட்ட விரோதமாகவே இருந்திருக்கும்.

உருளல் முறையிலிருந்து, வயிறு கம்பியை நோக்கியிருக்கக் கவிழ்ந்து புரளும் ஸ்ட்ராடில் முறை கிளைத்தது. ஒரு கையும் ஒரு காலும் கம்பிக்கு அப்பால் தாழ்ந்துவிட, மற்றவை இப்பால் தாழ்ந்திருக்க, உடல் கம்பியைச் சுற்றிக்கொண்டு செல்வதால் ஈர்ப்பு மையம் கம்பியை ஒட்டியே கடந்துவிடும். லெஸ் ஸ்டியர்ஸ் 1941-இல் 2.11 மீட்டரை எட்டினார். சார்லஸ் டூமாஸ் 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 2.15 மீட்டர் தாண்டி, ஏழடியைக் கடந்த முதல் மனிதரானார். யாழ்ப்பாணத்துத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952-இல் ஹெல்சிங்கியிலும் 1956-இல் மெல்போர்னிலும் ஒலிம்பிக் களத்தில் இறங்கி, 1958-இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீட்டர் தாண்டி இலங்கைக்குத் தங்கப் பதக்கம் பெற்றுத் தந்தது இந்தக் காலத்தில்தான். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கின் தங்கத்தைக் கார்னீலியஸ் ஜான்ஸன் அதே 2.03 மீட்டரால்தான் பெற்றார் என்பதை நினைத்தால், அந்த யாழ்ப்பாண இளைஞரின் வெற்றி எத்தகையது என்பது புலப்படும்.

கிளம்பும் இடத்தை உயர்த்திக்கொள்வதும் ஓர் உபாயமே. ருவாண்டா நாட்டில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே அரசவையைச் சார்ந்த இளைஞர்கள் உயரம் தாண்டிப் பழகினார்கள். 1907-ஆம் ஆண்டில் அங்கே சென்ற மெக்லென்பர்க் பிரபு எடுப்பித்த புகைப்படம் ஒன்றில், நிற்கும் மனிதரின் தலைக்கு மேலே ஓர் இளைஞர் சர்வ சாதாரணமாகப் பறந்து செல்வதைக் காணலாம். அவர்கள் சிறியதொரு மேட்டின்மீது கால்வைத்துக் கிளம்பினார்கள் என்பதால் அந்த உயரங்களை நம் கணக்கோடு ஒப்பிடுவதற்கில்லை. ஆயினும் அந்தப் படத்திலுள்ள உடலின் நளினம் ஒப்பிடத் தேவையில்லாதது. சோவியத் வீரர் யூரி ஸ்டெபானோவ் 1957-இல் 2.16 மீட்டர் தாண்டியபோது கிளம்பும் காலில் தடித்த அடிப்பாகமுள்ள காலணி அணிந்திருந்தார். அதன் விளைவாக மறு ஆண்டே அடித்தோலின் கனம் 13 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்று விதி செய்யப்பட்டது.

ஸ்ட்ராடில் முறையைப் பூரணத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் வலேரி புரூமெல். 1962-ஆம் ஆண்டில், ஹோரைன் சாதனை புரிந்த அதே ஸ்டான்ஃபோர்டுக்கு வந்து 2.26 மீட்டர் தாண்டினார். மறு ஆண்டு மாஸ்கோவில் 2.28. 1.85 மீட்டர் உயரமுள்ள ஒருவர் தம் தலைக்கு மேலே ஏறக்குறைய ஒரு முழம் எழுந்து சென்றார் என்பது பொருள். மகளிரில் ருமேனியாவின் யோலாண்டா பலாஷ், பழைய கத்தரி முறையிலிருந்து அதிகம் விலகாமலேயே 1961-இல் 1.91 மீட்டரை எட்டி, அந்தச் சாதனையைப் பத்தாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். எழுச்சியில் எவ்வளவோ வீணாகும் ஒரு முறையைக் கொண்டு அந்த உயரத்தைத் தாண்டிய கால்களுக்கு, வீணாகாத முறை ஒன்று வாய்த்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த முறை வேறோர் இடத்தில், தோல்வியிலிருந்து பிறந்தது. ஆரகன் மாகாணத்தின் மெட்ஃபோர்டு ஊரில் பள்ளி மாணவராயிருந்த டிக் ஃபாஸ்பரிக்கு ஸ்ட்ராடில் எத்தனை கற்பித்தும் வரவில்லை. 1963-இல், தமது பதினாறாம் வயதில், கிராண்ட்ஸ் பாஸ் என்னும் ஊரில் நடந்த போட்டியில் அவர் பழைய கத்தரி முறைக்கே திரும்பினார். கம்பி உயர உயர, இடுப்பு இடிக்காமலிருக்கத் தோளைப் பின்னால் சாய்த்து இடுப்பை மேலே தூக்கினார். அன்று ஒரே நாளில் அவருடைய உயரம் அரையடி கூடிற்று. அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு தோள் மேலும் மேலும் சாய, ஓடிவரும் பாதை மேலும் மேலும் வளைய, கடைசியில் முதுகு கம்பியை நோக்க, தலை முன்னே செல்ல, கால்கள் கடைசியாக வரும் முறை உருவாயிற்று. கவனித்தால், அவர் கிளம்பியது கத்தரி முறைக்குரிய அதே வெளிக்காலால்தான். எல்லாரும் கைவிட்ட ஒரு பழைய வழியின் உள்ளேயே புதிய வழி கிடந்திருக்கிறது.

வளைந்து ஓடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வளைவில் ஓடுகிறவரின் உடல் தானாகவே உட்பக்கம் சாய்கிறது. ஆகவே முழங்காலை மிகுதியாக மடக்கி வேகத்தை இழக்காமலேயே ஈர்ப்பு மையம் தாழ்கிறது. கடைசி அடியில் அந்தச் சாய்வு நிமிரும்போது மையம் உயரும் தூரம் அதிகப்படுகிறது. நிமிர்ந்த உடல் மேலும் சுழன்று கம்பியின்மேல் மல்லாந்து படுப்பதற்கு வேண்டிய சுழற்சியும் அதிலிருந்தே கிட்டுகிறது. கம்பிக்கு மேலே தலை முதலில் தாழ்ந்துவிடும், பிறகு தோள்; அப்போது இடுப்பு உச்சியில் நிற்கும்; இடுப்பு கடந்ததும் முகவாயை மார்போடு சேர்த்தால் கால்கள் எதிர்வினையாக மேலெழுந்து கம்பியை விட்டு விலகும். எந்தக் கணத்திலும் உடலின் ஒரு பகுதி மட்டுமே கம்பிக்கு மேலே இருக்கிறது. நன்கு வளைந்தால் உடல் மேலே செல்ல, மையம் கம்பிக்குக் கீழேயே நழுவிச் செல்லவும் கூடும் என்பது கணிதத்தின் முடிவு.

ஆனால் அந்த முறையில் விழுவது கழுத்திலும் தோள்பட்டையிலும். ஃபாஸ்பரி தொடக்கத்தில் மரத்தூளும் மரச்சீவலும் நிறைந்த குழிகளில் விழுந்தவர். அவ்விதம் முதுகெலும்பில் காயமும் பட்டவர். 1960-களில் அமெரிக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் நுரைத்துண்டுகளைக் குவித்த படுக்கைகளுக்கு மாறத் தொடங்கியிராவிட்டால், அவருடைய கண்டுபிடிப்பு ஒரு மாணவனின் விபரீதப் பழக்கமென்ற அளவில் முடிந்திருக்கும். மொன்டானா மாகாணத்தில் புரூஸ் குவாண்டே என்ற மாணவர் அதே 1963-இல் முதுகுப்புறமாகத் தாண்டும் புகைப்படம் ஒன்று உண்டு. கனடாவில் டெபி பிரில் என்ற சிறுமி, ஃபாஸ்பரியைப் பார்க்காமலே அதே போன்ற முறையைக் கண்டடைந்தார். ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சில ஆண்டுகளுக்குள் ஒரே வழியை அடைந்தார்கள் என்றால், மேதைமையோடு சேர்ந்து மெத்தையும் அதற்குக் காரணமாயிருந்தது என்று கொள்வதே நியாயம்.

1968-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி மெக்ஸிகோ நகரத்து ஒலிம்பிக்கில் ஃபாஸ்பரி, ஒவ்வொரு முறையும் விரல்களை மடக்கி விரித்து, முன்னும் பின்னும் அசைந்தாடி நெடுநேரம் நின்று, பிறகே ஓடத் தொடங்கினார். 2.22 மீட்டர் வரை ஒரு தடவையும் தவறவில்லை, 2.24 மூன்றாவது முயற்சியில் கைகூடி ஒலிம்பிக் சாதனையாயிற்று. நான்கே ஆண்டுகளில், மியூனிக்கில், போட்டியாளர்களில் பெரும்பாலோர் அவர் முறையைப் பின்பற்றினார்கள். மேற்கு ஜெர்மனியின் உல்ரிகே மெய்ஃபார்ட் அம்முறையால் பதினாறு வயதிலேயே 1.92 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். எனினும் ஆடவரில் அங்கே வென்ற யூரி தார்மாக் ஸ்ட்ராடில்காரரே. 1977-இல் இரண்டு மீட்டரைத் தாண்டிய முதல் பெண்மணியான ரோஸ்மாரி ஆக்கர்மானும், 1978-இல் 2.34 மீட்டரை எட்டிய விளாதிமிர் யாஷ்சென்கோவும் அவ்வாறே. ஆகவே பழைய முறை உயரத்தில் தோற்று மறைந்தது என்று சொல்வது சரித்திரத்துக்கு இழைக்கும் அநீதியாகும். கற்பதற்கு நெடுங்காலம் பிடித்தபடியால் அது மறைந்தது. இரு கைகளும் இரு கால்களும் ஒன்றுகூடி நடத்திய அந்த அழகிய புரளலை இன்று எந்தப் பெரிய களத்திலும் காண முடியாதது ஒரு நஷ்டம் என்றே கருதுகிறேன்.

நம் நாட்டுப்புறப் பள்ளிகளில் இன்றைக்கும் இரு கழிகளுக்கிடையே கயிறோ மூங்கிலோ கட்டி, மண்வெட்டியால் மணலைக் கொத்தி இளக்கிவிட்டுப் பிள்ளைகளைத் தாண்டவைக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கத்தரி முறையைக் கற்பிப்பதை அறியாமை என்று சொல்பவர் மணலின் பௌதிகத்தை அறியாதவர். மெத்தையில்லாத இடத்தில் முதுகால் விழச் சொல்லும் ஆசிரியர், கழுத்து முறியும் அபாயத்துக்குப் பிள்ளையை ஆளாக்குகிறார். சர்வதேச விதிப்படி அமையும் மெத்தை ஆறு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனமும் உடையது. அத்தகையதொன்று ஒரு மாவட்டத்தில் எத்தனை பள்ளிகளில் இருக்கிறதோ, அத்தனை பள்ளிகளின் பிள்ளைகளே இன்றைய உலகத்தோடு போட்டியிடும் வழியைக் கற்க முடியும். நம் நாட்டுப்புறத்திலிருந்து அவ்வாறு எழுந்தவரும் உண்டு: சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில், ஐந்து வயதில் பேருந்து ஏறி வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போன மாரியப்பன் தங்கவேலு, 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரு விழாக்களிலும் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். 1876-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஊனமற்ற மனிதர் எவரும் அதற்குமேல் தாண்டியதில்லை. புரூக்ஸ் எட்டிய உயரமும் அதேதான்.

கியூபா நாட்டின் ஹாவியர் சோட்டோமேயர் 1993-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி ஸ்பெயின் தேசத்தின் சலமாங்கா நகரில் 2.45 மீட்டரைத் தாண்டினார். அதற்குப்பின் அந்த உயரத்தை ஒருவரும் கடக்கவில்லை. மகளிரில் பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா 1987-இல் நிறுவிய 2.09 மீட்டரை, உக்ரைன் நாட்டின் யாரோஸ்லாவா மகுசிக் 2024-இல் பாரிஸில் ஒரே ஒரு சென்டிமீட்டரால் விஞ்சுவதற்கு முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின. இந்தத் தேக்கத்துக்குக் காரணம், தரை கொடுக்கக் கூடியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்பதே என்று நினைக்கிறேன். மெத்தையை இன்னும் மிருதுவாக்குவதால் வளைகிற உடல் இன்னும் வளையப்போவதில்லை; மையத்துக்கும் கம்பிக்கும் இடையிலிருந்த வீண் தூரம் ஏறத்தாழ முற்றிலும் தீர்ந்துவிட்டது. எஞ்சியிருப்பது கிளம்பும் வேகம் ஒன்றே. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் அது வினாடிக்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் கூடவேண்டும், அதுவும் ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்குக்குள், ஒரே காலின் மேல்.